கம்பெனி கைவிட்ட மவுண்டன் சைக்கிளுக்கு ஷாக் அப்சர் தேடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

“அந்த மாடலே இப்ப வர்றதில்லையே சார்.” பழைய கியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது இதுதான். அடுத்தது, “புதுசா ஒண்ணு பாத்துருங்களேன்.” கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அட்லஸ் நிறுவனம் தன் சாகிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3ஆம் தேதி மூடியது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம்! ஃபயர்ஃபாக்ஸை ஹீரோ சைக்கிள்ஸ் 2015இல் வாங்கிக்கொண்டது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. பெயர்களில் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் விற்ற எத்தனையோ மாடல்கள் இன்றைய விலைப்பட்டியலில் இல்லை. டெக்கத்லானில் பிட்வின் பெயரோடு வந்த ராக்ரைடர்களும் அப்படித்தான்.

ஆனால் கடையில் நாம் கேட்ட கேள்வியே தப்பு. உங்கள் சைக்கிளின் கம்பெனி அந்த ஷாக் அப்சரைச் செய்யவே இல்லை. ஃபிரேமில் யார் பெயர் எழுதியிருந்தாலும், முன்னால் நிற்கும் ஃபோர்க் பெரும்பாலும் சன்டூர், ஆர்.எஸ்.டி., ஜூம் போன்ற வெளிக் கம்பெனிகளிலிருந்து வந்தது. விலை குறைந்த சைக்கிள் என்றால் லூதியானாவில் செய்த பெயரில்லாத ஃபோர்க்காக இருக்கும். சைக்கிள் நின்றுபோனதால் ஃபோர்க்கும் நின்றுபோனது என்று அர்த்தமில்லை. மாடல் பெயரைச் சொல்லித் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. அளவைச் சொல்லித் தேடுபவருக்கு ஏதாவது கிடைக்கும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த அளவைப் பற்றித்தான்.

கோலார் தங்கவயலை அடுத்த பேத்தமங்களாவிலிருந்து தேடப்போகிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன். மவுண்டன் சைக்கிளுக்கென்றே தனிக் கடையை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஓட்ட இடம் இருக்கிறது: பாலாற்று ஏரிக்கரை, கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயில் பக்கத்து மண்பாதைகள், தங்கவயலின் சயனைடு மேடுகளை ஒட்டிய தடங்கள். அந்த மேடுகள்தான் இந்தப் பகுதி ஃபோர்க்குகளுக்கு முதல் எதிரி. தங்கம் எடுப்பதற்காகப் பாறையை மாவாக அரைத்துக் கொட்டிய மணல் அது. அதில் பெரும்பங்கு குவார்ட்ஸ். காற்றடிக்கும் மாதங்களில் அந்தப் பொடி ஃபோர்க்கின் ரப்பர் உதட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு குலுக்கலிலும் உள்குழாயைச் சாணை பிடிக்கும். பெங்களூர்க்காரரின் ஃபோர்க்கைவிட உங்களுடையது சீக்கிரம் தேய்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

படி 1: கோளாறு எதில் என்று பாருங்கள்

முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் உடனே ஃபோர்க் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இன்னொரு கையின் விரலை ஹேண்டில் பாருக்குக் கீழே, ஃபோர்க் கப்பும் ஃபிரேமும் சேரும் இடத்தில் வைத்து மறுபடி ஆட்டுங்கள். அசைவு விரலில் தட்டுப்பட்டால் பழுது கப்பிலோ பால்ஸிலோ இருக்கிறது. நூறு, இருநூறு ரூபாய் வேலை. அடுத்து, சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் கோன் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சரியாக இருந்து, பளபளக்கும் உள்குழாய் கீழ்க்காலுக்குள் நுழையும் இடத்தில் அசைவு தெரிந்தால்தான் ஃபோர்க்கின் உள் புஷ் தேய்ந்திருக்கிறது. விலை குறைந்த ஃபோர்க்குகளில் புதிதிலேயே கொஞ்சம் ஆட்டம் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு ஃபோர்க்கை அமுக்கிப் பாருங்கள். அமுங்கவே மறுத்தால் துரு, அல்லது உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. ‘தொப்’பென்று அடிவரை போனால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், அல்லது எலாஸ்டோமர் எனப்படும் ரப்பர்க் கட்டை உதிர்ந்திருக்கலாம். பத்து வருடத்துக்கு மேல் கிடந்த எலாஸ்டோமர், திறந்து பார்த்தால் பழைய வெல்லம்போல் கசிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அமுங்கியது மேலே வராமல் அங்கேயே நின்றால் உராய்வு அதிகம்.

அமுங்க மறுக்கும் ஃபோர்க்குகளில் பலவற்றுக்கு ஓவராயிலிங் போதும். சக்கரத்தைக் கழற்றுங்கள். இரு கீழ்க்கால்களின் அடியிலுள்ள போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டி, பிறகு போல்ட்டை முழுதாகக் கழற்றினால் கீழ்ப்பகுதி முழுதாக வெளியே வந்துவிடும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் செய்தித்தாளில் வரிசையாகப் பரப்பி, ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பழைய கிரீஸைத் துடைத்துப் புதியது பூசி மாட்டுங்கள். எலாஸ்டோமர் உள்ள ஃபோர்க்கில் லித்தியம் கலக்காத கிரீஸ்தான் போட வேண்டும். பெட்ரோல் பங்க் பக்கத்தில் கிலோ கணக்கில் கிடைக்கும் மஞ்சள் கிரீஸ் லாரிக்கு நல்லது. ரப்பரை அது ஊறவைத்துவிடும்.

படி 2: ஃபோர்க்கின் ஜாதகத்தைப் படியுங்கள்

ஃபோர்க்கின் பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். சன்டூர் என்றால் எஸ்.எஃப். என்ற இரண்டு எழுத்துகள், அடுத்து இரண்டு இலக்கம், பிறகு எக்ஸ்.சி.டி., எக்ஸ்.சி.எம்., எக்ஸ்.சி.ஆர். என்பது போன்ற பெயர் இருக்கும். அந்த இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. 14 என்றிருந்தால் 2014, 18 என்றிருந்தால் 2018. இதை விட்டுவிட்டு வெறுமனே ‘எக்ஸ்.சி.எம்.’ என்று கேட்டால் பிரயோஜனமில்லை. அதே பெயரில் வருடத்துக்கு வருடம் உள்பாகங்களை மாற்றியிருக்கிறார்கள். சன்டூரின் இணையதளத்தில் மாடல் ஆண்டுவாரியாக உதிரிபாகப் படங்கள் உண்டு. படத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு குறியீடு இருக்கும். கடையில் அந்தக் குறியீட்டைக் காட்டுங்கள். பாதி விவாதம் மிச்சம்.

ராக்‌ஷாக்ஸ் என்றால் கிரவுனில், அதாவது இரு கால்களும் தண்டோடு சேரும் பகுதியில், சீரியல் எண் இருக்கும். அதன் தாய் நிறுவனமான ஸ்ராமின் தளத்தில் போட்டால் எந்த ஆண்டு, எந்த வகை என்று வந்துவிடும். ஃபாக்ஸ் ஃபோர்க்கின் கீழ்க்காலில் நான்கு எழுத்துக் குறியீடு ஒட்டியிருக்கும். இவை இரண்டும் உங்களிடம் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பத்து வருடம் கழித்தும் சீல், புஷ் கிடைப்பது இந்த வகைகளில்தான். பழைய மார்சோக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த இத்தாலியப் பெயரை 2015இல் ஃபாக்ஸ் வாங்கிவிட்டது. அதற்கு முந்தைய ஃபோர்க்குக்கு உள்பாகம் தேடுவது கோடையில் பாலாற்றில் தண்ணீர் தேடுகிற வேலை.

டெக்கத்லான் சைக்கிள் என்றால் ஃபிரேமில் ஒட்டியிருக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு அவர்களுடைய பட்டறையில் கேளுங்கள். அங்கே இல்லையென்றாலும் அளவுகளையாவது தெரிந்துகொண்டு வரலாம்.

குறியீடே இல்லாத ஃபோர்க் என்றால் கவலை வேண்டாம். நேரே அடுத்த படி.

படி 3: அளவெடுங்கள்

கையில் வெர்னியர் இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் டிஜிட்டல் வெர்னியரே போதும். அதுவும் இல்லையென்றால் ஒரு காகிதத் துண்டு, ஒரு பள்ளிக்கூட ஸ்கேல்.

முதல் அளவு, ஃபிரேமுக்குள் போகும் ஃபோர்க் தண்டின் விட்டம். காகிதத்தைத் தண்டைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றி, சேரும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். விரித்து அளந்தால் 80 மி.மீ. வந்தால் தண்டு 25.4 மி.மீ., அதாவது ஓர் அங்குலம். 90 மி.மீ. வந்தால் 28.6, அதாவது ஒன்றே அரைக்கால் அங்குலம். கடைக்காரர்கள் இதைத்தான் ‘ஓவர்சைஸ்’ என்பார்கள். மேலே ஒல்லியாகவும் கீழே தடிமனாகவும் இருந்தால் அது டேப்பர் தண்டு. கொஞ்சம் விலையுயர்ந்த, பிற்கால சைக்கிள்களில் வருவது. டேப்பர் தண்டு நேர்க்குழாய் ஃபிரேமில் நுழையாது. நேர்த்தண்டை டேப்பர் ஃபிரேமில் பொருத்த மட்டும் தனி கப் உண்டு.

இரண்டாவது, தண்டின் உச்சியில் மரை இருக்கிறதா என்பது. ஹேண்டில் பாரைத் தாங்கும் கம்பி தண்டுக்குள் இறங்கி, மேலே பெரிய நட்டு இறுக்கியிருந்தால் அது மரைத் தண்டு. ஓர் அங்குலத் தண்டில் அங்குலத்துக்கு 24 மரை, ஓவர்சைஸில் 26. கம்பி தண்டை வெளியிலிருந்து கவ்விப் பிடித்திருந்தால் மரையில்லாத் தண்டு. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் ஆன்லைனில் ஆர்டர் செய்து, வந்த ஃபோர்க்கைத் திருப்பி அனுப்ப அலைபவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது, தண்டின் நீளம். மரையில்லாத் தண்டு நீளமாக வந்தால் ரம்பத்தால் அறுத்துக்கொள்ளலாம். குட்டையாக வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மரைத் தண்டில் அறுப்பதும் கடினம், ஏனென்றால் மரை எங்கே தொடங்குகிறது என்பது முக்கியம். பழைய தண்டின் மொத்த நீளம், மரையின் நீளம் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவதுதான் எல்லோரும் தவறவிடுவது: அச்சின் நடுவிலிருந்து கிரவுனின் அடிக் கோன் உட்காரும் இடம்வரை உள்ள உயரம். சைக்கிளில் யாரும் உட்காராமல், ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போது அளக்க வேண்டும். 26 அங்குலச் சக்கரமும் 80 மி.மீ. அமுங்கலும் கொண்ட ஃபோர்க்குக்கு இது ஏறத்தாழ 450 மி.மீ. வரும். 100 மி.மீ. அமுங்கலுக்கு 470. 29 அங்குலச் சக்கர ஃபோர்க் 500ஐத் தாண்டிவிடும். இந்த உயரம் 20 மி.மீ. கூடினால் சைக்கிளின் மூக்கு உயர்ந்து, முன்பக்கச் சாய்வு சுமார் ஒரு டிகிரி மாறும். ஒரு டிகிரியை ஓட்டுகிறவர் சமாளித்துக்கொள்வார். 40 மி.மீ. கூட்டினால் திருப்பத்தில் முன்சக்கரம் அலையும். அதைவிட மோசம், நீண்ட ஃபோர்க் நெம்புகோலாக வேலை செய்து ஃபிரேமின் முன்குழாய் வெல்டிங்கை விரியவைக்கும். ‘பெரிய ஃபோர்க் போட்டா கெத்தா இருக்கும்’ என்று சொல்லும் நண்பரை நம்பாதீர்கள். பத்து, பதினைந்து மி.மீ. வித்தியாசத்துக்குள் இருங்கள்.

மிச்ச அளவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தின் அளவு டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும்: 559 என்றால் 26 அங்குலம், 584 என்றால் 27.5, 622 என்றால் 29. அச்சு அமரும் இடத்தின் அகலம் பெரும்பாலும் 100 மி.மீ. உள்குழாயின் விட்டத்தையும் அதே காகிதத்தால் எடுக்கலாம்: சுற்றளவு 88 வந்தால் 28 மி.மீ., 94 வந்தால் 30, 100ஐ ஒட்டி வந்தால் 32.

பிரேக் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உங்களுடையது ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் என்றால், ஃபோர்க்கின் கால்களில் அதற்கான இரண்டு குமிழ்கள் இருக்க வேண்டும். இப்போது வரும் ஃபோர்க்குகளில் பல டிஸ்க் பிரேக்குக்கு மட்டுமே. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கினால், டிஸ்க் மாட்டும் ஹப், அதற்குச் சக்கரம் கோர்க்கும் கூலி, காலிப்பர், ஒயர் என்று செலவு ஃபோர்க்கின் விலையைத் தாண்டிவிடும். டிஸ்க் உள்ளவர்கள் காலிப்பர் பிடிக்கும் இரண்டு ஓட்டைகளுக்கு இடைப்பட்ட தூரத்தைப் பாருங்கள்: 74 மி.மீ. ஒரு வகை, 51 மி.மீ. இன்னொரு வகை. இரண்டுக்கும் நடுவே அடாப்டர் உண்டு என்பதால் இதற்காக ஒரு நல்ல ஃபோர்க்கை விட வேண்டியதில்லை.

படி 4: பின்னாலும் ஷாக் இருந்தால்

‘டபுள் ஷாக்’ சைக்கிள்கள் நம் ஊரில் ஏராளமாக விற்றன. உண்மையைச் சொன்னால், அவற்றில் பெரும்பாலானவற்றின் பின் ஷாக் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு கம்பியும்தான். உள்ளே எண்ணெயும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. அதனாலேயே மாற்றுவது சுலபம்.

இரண்டு பக்கத்து ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்துகொள்ளுங்கள். 125, 150, 165, 190 என்று வரும். அடுத்து, போல்ட்டின் தடிமன்: 8 அல்லது 10 மி.மீ. அடுத்து, ஷாக்கின் கண் ஃபிரேமுக்குள் உட்காரும் இடைவெளியின் அகலம். நீளத்தில் 5 மி.மீ. கூடினாலும் பின்பக்கம் தூக்கும். கூடுதலாக அமுங்கும் ஷாக் போட்டால் டயர் சீட் குழாயில் இடிக்கும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: புது ஷாக்கின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு மாட்டி, சீட்டை அமுக்கி முழுதாக இறக்கிப் பாருங்கள். டயருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும்.

ஸ்பிரிங்கின் மேல் 550, 650, 750 என்று அச்சிட்டிருக்கும். ஓர் அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு எடை வேண்டும் என்பதற்கான கணக்கு அது. எண் அழிந்திருந்தால் ஸ்பிரிங் கம்பியின் தடிமன், சுருளின் வெளிவிட்டம், சுருள்களின் எண்ணிக்கை, அமுக்காதபோது உள்ள நீளம் நான்கையும் எடுத்துக்கொண்டால் ஸ்பிரிங் சுற்றுகிறவர் புதிதாகவே சுற்றித் தருவார். கம்பியின் தடிமனில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 6 மி.மீ. கம்பிக்குப் பதில், ‘இதான் இருக்கு’ என்று 6.5 மி.மீ. போட்டால் கிட்டத்தட்ட 38 சதவீதம் விறைத்துவிடும். பிறகு ஷாக் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

பின்பக்க ஃபிரேம் மடங்கும் இடத்து பேரிங்கைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். அதன் ஓரத்தில் 608, 6000, 6900, 6901 என்று எண் பொறித்திருக்கும். உலகம் முழுக்க ஒரே அளவு. 608 என்றால் உள்ளே 8, வெளியே 22, தடிமன் 7 மி.மீ. சைக்கிள் கடையில் கேட்காதீர்கள். பேரிங் கடையில் கேளுங்கள்.

படி 5: எங்கே போவது

முதலில் பக்கத்தில். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை சைக்கிள் கடைகளில் கப், கோன், பால்ஸ், பெயரில்லாத 26 அங்குல மரை ஃபோர்க் போன்றவற்றுக்குத் தேடிப் பார்க்கலாம். அங்கேயே பழைய இரும்பு வாங்கும் குஜிரிக் கடைகளையும் விடாதீர்கள். ஃபிரேம் வளைந்து எடைக்கு வந்த சைக்கிளில் ஃபோர்க் நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. முழு சைக்கிளாகவே எடைக்கு வாங்கினால் சக்கரமும் பிரேக்கும் சேர்ந்து வரும்.

கிடைக்கவில்லையென்றால் பெங்களூர். மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் போகும் ரயிலில் மெஜஸ்டிக் இறங்கி, மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் கே.ஆர். மார்க்கெட். வெளியே வந்தால் எஸ்.ஜே.பி. ரோடு. பேரிங், ஓ-ரிங், ஆயில் சீல், சர்க்ளிப், நல்ல தர ஆலன் போல்ட் எல்லாம் அங்கே. பழைய பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்; வாயால் விவரித்தால் வேறு ஏதாவது கொடுப்பார்கள். பெயருள்ள ஃபோர்க் வேண்டுமானால் அங்கே இல்லை; நகரத்தின் பெரிய கியர் சைக்கிள் கடைகளுக்கு முதலில் போன் செய்து, படி 3இன் அளவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘இருக்கிறது’ என்று போட்டோ வந்த பிறகு கிளம்புங்கள். (புது பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை பேத்தமங்களாவைத் தொட்டுத்தான் போகிறது. ஆனால் அதில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியில்லை. ரயிலே மேல்.)

சென்னைக்கு வேறு வேலையாகப் போகிறவர்கள் பாரிமுனைப் பக்கம் ரத்தன் பஜார் சைக்கிள் கடைகளில் ஒரு சுற்று வரலாம். வடக்கே டெல்லி ஜண்டேவாலான், லூதியானா இரண்டும் மொத்த வியாபாரச் சந்தைகள். ஒற்றை ஃபோர்க்குக்காக அங்கே போக வேண்டியதில்லை. ஆனால் அங்கிருந்து கூரியரில் அனுப்புகிறவர்கள் ஆன்லைனில் இருக்கிறார்கள்.

ஆன்லைன் என்றதும் ஒரு விஷயம். சீனத்திலிருந்து நேரே உதிரிபாகம் வரவழைக்க எல்லோரும் பயன்படுத்திய அலிஎக்ஸ்பிரஸ் செயலியை இந்திய அரசு 2020 நவம்பரில் முடக்கியது. பழைய வீடியோக்களில் ‘அதில் வாங்குங்கள்’ என்று சொல்வது நமக்குப் பயன்படாது. வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் சுங்க வரி, அனுப்பும் செலவு இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகு விலை மலிவா என்று யோசியுங்கள். சீல் போன்ற இலேசான பொருளுக்குத் தாங்கும். முழு ஃபோர்க்குக்குத் தாங்காது.

படி 6: லேத் பட்டறைதான் நம் பலம்

பெங்களூர்க்காரருக்கு இல்லாத ஒரு வசதி தங்கவயல்காரருக்கு உண்டு. தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. ஆனால் சுரங்கத்திலும் பெமல் ஆலையிலும் கை பழகிய ஃபிட்டர்களும் டர்னர்களும், அவர்களிடம் தொழில் கற்றவர்களும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். லிஃப்ட் சக்கரத்துக்குப் பாகம் செய்த ஊரில் சைக்கிள் ஃபோர்க்குக்கு ஒரு புஷ் கடைவது பெரிய வேலையல்ல.

ஆனால் அவரிடம் ‘இது லூசா இருக்கு, டைட்டா பண்ணுங்க’ என்று சொல்லி விட்டுவிட்டு வராதீர்கள். அளவாகச் சொல்ல வேண்டும். “அண்ணா, உள்குழாய் 28 மி.மீ. புஷ் உள்பக்கம் ஒரு பாயிண்ட்டுக்குள்ள இடைவெளி விடுங்க, வெளிப்பக்கம் அழுத்தி இறக்குற மாதிரி இருக்கட்டும்.” ஒரு பாயிண்ட் என்றால் மி.மீ.யில் பத்தில் ஒன்று. இடைவெளி அதைத் தாண்டினால் மறுபடி ‘டக் டக்’. இடைவெளியே விடாவிட்டால் ஃபோர்க் பிடித்துக்கொள்ளும்.

எந்தப் பொருளில் கடைவது என்பது அடுத்த கேள்வி. பட்டறையில் கைக்கு எட்டுவது நைலான் ராடு. அதையே போட்டுவிடப் பார்ப்பார்கள். நைலான் தண்ணீரைக் குடித்து உப்பும். மழைக்காலத்தில் ஏரிக்கரைச் சேற்றில் ஓட்டிவிட்டு வந்தால் ஃபோர்க் அசையாமல் நிற்கும். டெல்ரின் ராடு கேளுங்கள். விலை சற்றுக் கூடுதல், தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு. அது இல்லையென்றால் கன்மெட்டல். எடை கூடும், ஆனால் நம்பலாம். உள்பக்கம் கிரீஸ் நிற்க மெல்லிய பள்ளம் ஒன்று வெட்டச் சொல்லுங்கள். புஷ் இறக்கிய பிறகு உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். உள்குழாயைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். தன் எடையிலேயே வழுக்கி இறங்கினால் வேலை சுத்தம்.

சீல் விஷயத்தில் ஒரு குறுக்கு வழி உண்டு. ஆயில் சீல்களின் மேல் மூன்று எண் பொறித்திருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். உங்கள் ஃபோர்க்கின் மூன்று அளவும் பைக் சீலோடு பொருந்தினால் வாங்கிப் போடலாம். பைக் சீல் சைக்கிளுக்குக் கொஞ்சம் இறுக்கம்தான். மென்மை குறையும், தூசி உள்ளே போகாது. சயனைடு மேட்டுப் பொடியில் ஓட்டுகிறவருக்கு இந்தப் பேரம் கட்டுப்படியாகும்.

லேத்திலும் வெல்டிங்கிலும் செய்யவே கூடாத வேலை ஒன்று இருக்கிறது. விரிசல் விட்ட தண்டு, கிரவுன், ஃபோர்க் கால் எதையும் பற்றவைக்காதீர்கள். குட்டைத் தண்டில் துண்டு ஒட்டி நீட்டாதீர்கள். ஓடும்போது அது விட்டால் முகம்தான் முதலில் தரையில் படும்.

உள்குழாயில் துருப்பள்ளம் விழுந்திருந்தால் ஹார்ட் குரோம் பூசலாமே என்று யாராவது சொல்வார்கள். பெங்களூர் பீன்யா பக்கம் அதற்குப் பட்டறைகள் உண்டு. ஆனால் கழற்றி, சாணை பிடித்து, பூசி, திரும்ப அளவுக்குத் தேய்த்து முடிப்பதற்குள் புது ஃபோர்க்கின் காசு போய்விடும். நகத்தால் வருடும்போது பள்ளம் தட்டுப்படாவிட்டால் அப்படியே விடுங்கள். தட்டுப்பட்டால் வேறு ஃபோர்க் பாருங்கள்.

படி 7: பழைய ஃபோர்க் வாங்குகிறீர்களா?

சக்கரம் இல்லாமல் தனி ஃபோர்க்காகக் கையில் வாங்கிப் பாருங்கள். கிரவுனுக்கும் தண்டுக்கும் நடுவே பெயிண்ட்டில் மெல்லிய கோடு ஓடினால் வேண்டாம். இரண்டு கால்களின் நுனியில் ஒரு நேரான கம்பியை அச்சுபோல் வைத்து, எதிரே நின்று பாருங்கள். கோணலாகத் தெரிந்தால் எங்கேயோ முட்டிய ஃபோர்க். உள்குழாயை நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். விற்கிறவர் நல்ல பக்கத்தைத்தான் காட்டுவார். தண்டின் நீளத்தை உங்கள் ஸ்கேலால் அளக்க மறக்காதீர்கள்.

படி 8: மாட்டுதல்

அடிக் கோனைப் பழைய தண்டிலிருந்து எடுத்துப் புதியதில் இறக்கும்போது சுத்தியலால் ஒரே பக்கம் அடிக்காதீர்கள். தண்டைவிடச் சற்றுப் பெரிய இரும்புக் குழாயைச் செருகி அதன்மேல் தட்டினால் நேராக இறங்கும். ஓர் அங்குலத் தண்டில் அந்தக் கோனின் உள்ளளவு 26.4, 27.0 என்று இரண்டு வகை. 0.6 மி.மீ. வித்தியாசம்தானே என்று அடித்து இறக்கினால் கோன் வெடிக்கும்.

மாட்டியபின் உட்கார்ந்து பாருங்கள். உள்குழாயில் ஒரு பிளாஸ்டிக் டை கட்டிவிட்டு மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்கினால், மொத்த அமுங்கலில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்குவரை டை நகர்ந்திருக்க வேண்டும். அதற்குமேல் போனால் மேல் குமிழைத் திருகி ஸ்பிரிங்கை இறுக்குங்கள். அப்படியும் போதவில்லையென்றால் உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் போதாது.

50 மணி நேரம் ஓட்டியதும் கீழ்க்கால்களைக் கழற்றிக் கிரீஸ் போடச் சொல்கிறது சன்டூர். இந்த மண்ணில் அதற்கு முன்னாலேயே போடலாம். ஓட்டிவிட்டு வந்ததும் சீலுக்கு மேலே படிந்த பொடியை உலர்ந்த துணியால் துடைத்தாலே ஃபோர்க்கின் ஆயுள் நீளும். பைப்பால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது அந்தப் பொடியை உள்ளே அனுப்பும்.

படி 9: எங்கே நிறுத்துவது

உதிரிபாகச் செலவு, அந்த சைக்கிளை இன்று விற்றால் வரும் தொகையில் பாதியைத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன். ஆனால் நிறுத்துவது என்றால் சைக்கிளைக் குஜிரிக்குப் போடுவது என்று அர்த்தமில்லை. ஷாக் இல்லாத சாதாரண ஸ்டீல் ஃபோர்க் ஒன்றை, அச்சிலிருந்து கிரவுன்வரை அதே உயரத்தில் பார்த்து மாட்டுங்கள். மலிவு ஷாக் ஃபோர்க் இரண்டரைக் கிலோ வரை இருக்கும். ஸ்டீல் ஃபோர்க் அதில் பாதிக்குக் கிட்ட. மேட்டில் ஏறும்போது காலுக்குத் தெரியும். முன் டயரை ஒரு அளவு அகலமாக மாற்றி, காற்றைக் கொஞ்சம் குறைத்தால் ஏரிக்கரைக்கும் கம்மசந்திரா மண்பாதைக்கும் அது தாராளம். வேலை செய்யாத ஷாக் அப்சரைவிட ஷாக் அப்சர் இல்லாத ஃபோர்க் நல்லது என்பதே என் தீர்ப்பு.

எதை மாட்டினாலும் ஒரு காரியம் செய்யுங்கள். படி 3இல் எடுத்த அளவுகளையும் மாட்டிய பாகங்களின் குறியீடுகளையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் சுருட்டி, சீட் கம்பியின் குழாய்க்குள் செருகி வையுங்கள். சைக்கிளை விற்கும்போது வாங்குகிறவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.